ஐந்தாவது வெபர்

ஜூன் 12, திங்கள்

தினமும் எழுத வேண்டும் என்று நஸ்ரின் சொல்லிவிட்டாள். அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி தர வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வருகிற பெண். பரங்கிப்பேட்டைக்காரி, சின்ன வயசு, கண்டிப்பு ஜாஸ்தி. "அப்பா புதுசா ஒரு சத்தம் போட்டாக்கூட எழுதுங்க டீச்சர். பக்கத்துலயே இருக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது, எழுதி வச்சாதான் தெரியும்" என்றாள். மைதானப் பதிவேட்டையே வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிற பி.டி. டீச்சர் நான். இருந்தாலும் சரி என்றேன்.

மாசி மகம் முடிந்த வாரத்தில் அப்பா குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கால் அநேகமாகத் திரும்பிவிட்டது. வலது கை பாதி திரும்பியிருக்கிறது. பேச்சுதான் போன இடம் தெரியவில்லை. ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது: "ஷிப்டு." தண்ணீர் வேண்டுமென்றாலும் ஷிப்டு, ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் ஷிப்டு, கொசு கடித்தாலும் ஷிப்டு. நெய்வேலி சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தே தலை நரைத்தவர், அந்தச் சொல்லை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. அதுதான் கொடுமை. ஆறு மாதத்துக்குள் என்ன வருகிறதோ அதுதான் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் செப்டம்பர். இன்று பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கோ-கோ அணியும் செப்டம்பருக்குத்தான் தயாராக வேண்டும். இரண்டையும் ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 15, வியாழன்

ஷிப்டு. ஷிப்டு. ஷிப்டு.

ஜூன் 21, புதன்

நஸ்ரின் வந்தாள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து என்னைக் காட்டி, "இவங்க பேரு என்னங்கய்யா?" என்று கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். மேல்பல் கீழுதட்டைத் தொட்டது. இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். "ஷிப்டு" என்றார். சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டார், கண் கலங்கியது. நஸ்ரின், "பரவால்லய்யா, பேரெல்லாம் கடைசியாதான் வரும்" என்று பேச்சை மாற்றினாள்.

என் பெயர் வெபர். பக்கிரிசாமி மகள் வெபர். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அப்பா மட்டும்தான். அம்மா பிடிவாதமாக "பாப்பா" என்பாள். நாற்பது வயதிலும் பாப்பாதான். பள்ளியில் வெபர் டீச்சர். டீச்சர் ஒட்டாத வெறும் வெபர் அப்பாவின் வாயில் மட்டும்தான் இருந்தாள்.

இதை ஒரு தகவலுக்காக எழுதுகிறேன். எனக்கொன்றும் இல்லை. முதலில் தண்ணீர், சோறு, வலி, இதெல்லாம் வந்தால் போதும்.

ஜூன் 25, ஞாயிறு

வீட்டைப் பெருக்கி, மாவு அரைத்து, அப்பாவுக்குக் கைப்பயிற்சி கொடுத்து முடிக்கப் பதினொன்றாகிவிட்டது. ரப்பர் பந்தைப் பிழிகிறார். போன மாதம் பந்து அவரைப் பிழிந்தது.

பெயரைப் பற்றி எழுதிவிடுகிறேன். நஸ்ரின் கேட்டிருக்கிறாள், அவளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பில் முதல் நாள் பெயர் கூப்பிட்ட சார், "வெபர்" என்று சொல்லிவிட்டுப் பையன்கள் பக்கம் பார்த்தார். நான் இந்தப் பக்கத்திலிருந்து "உள்ளேன் ஐயா" என்றேன். வகுப்பே சிரித்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே வீட்டுக்கு வந்து, எதற்கு இந்தப் பெயர் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். "கெட்டிக்காரன் பேரு" என்றார். அவ்வளவுதான். எதையும் ஒரு வரிக்கு மேல் விளக்குகிற ஆள் இல்லை அவர்.

பத்தாம் வகுப்பு வாத்தியார் சொன்னார், வெபர் என்றால் ஜெர்மன்காரர், பெரிய விஞ்ஞானி, காந்தப் பாயத்தை அளக்கிற அலகுக்கே அவர் பெயர்தான் என்று. ஒரு வருடம் முழுக்கக் காந்தத்துக்குச் சொந்தக்காரி மாதிரி நடந்துகொண்டேன். கல்லூரியில் சமூகவியல் படித்த அறைத்தோழி, "உங்கப்பா யூனியன் ஆளுதான? அப்ப மேக்ஸ் வெபர்" என்று அடித்துச் சொன்னாள். அதிகாரவர்க்கம் பற்றி எழுதியவராம். அப்பாவுக்கும் அதிகாரிகளுக்கும் ஏழாம் பொருத்தம், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு பி.டி. பயிற்சியில் ஒரு பேண்ட் வாத்தியார், வெபர் என்றால் இசைமேதை, ஓபரா என்கிற இசைநாடகங்கள் எழுதியவர் என்றார். ஆளுக்கொரு வெபரைக் கையில் கொடுத்தார்கள். நான் எல்லாரையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், "தவறுதலாக உங்கள் பையன் ஜாதகம் வந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. அம்மா மட்டும் இன்னும் அதற்காக அப்பாவை மன்னிக்கவில்லை.

ஜூன் 28, புதன்

நஸ்ரினிடம் சொன்னதும் அவளும் ஒரு வெபரை எடுத்து நீட்டினாள். "எங்க படிப்புலயும் ஒரு வெபர் வருவாரு டீச்சர். கையில நூறு கிராம் இருக்கும்போது இன்னொரு பத்து கிராம் வச்சா டக்குனு தெரியும். பத்து கிலோ இருக்கும்போது அதே பத்து கிராம் வச்சா தெரியவே தெரியாது. எவ்வளவு கூட்டுனா தெரியும்னு கணக்கு போட்டவரு."

"எங்களுக்கு இப்ப கையில எத்தன கிலோ?" என்று கேட்டேன்.

"நெறைய இருக்கு. அதான் தெனமும் எழுதச் சொல்றன்" என்றாள்.

அவள் போன பிறகு செல்போனில் தேடினேன். ஜெர்மனியில் வெபர் என்பது ஓர் ஆளின் பெயரே இல்லையாம், குடும்பப் பெயராம். நெசவாளி என்று அர்த்தமாம். தெருவுக்குத் தெரு வெபர்கள் இருப்பார்கள் போலிருக்கிறது. புகழ்பெற்ற வெபர்கள் என்று ஒரு பக்கம் முழுக்க வந்தது. பந்து விளையாடுகிறவர், மந்திரி, ஓவியர், பாதிரியார். தள்ளத் தள்ளத் தீரவில்லை. இவர்களில் யாரோ ஒருவரைத்தான் அப்பா என் தலையில் வைத்திருக்கிறார்.

ஒரு யோசனை. படம் காட்டித்தான் நஸ்ரின் பயிற்சி கொடுக்கிறாள். மாடு, குடை, தேங்காய். இதற்குப் பதில் அவருக்கு நெருக்கமான விஷயமாகக் காட்டினால் நாக்கு எழும்பாதா?

ஜூலை 2, ஞாயிறு

நான்கு வெபர்களையும் ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன். அப்பா முன்னால் வரிசையாக வைத்து, "இதுல யாருப்பா நானு?" என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடி இவனுங்க, நாலு பேரும் எழவு வூட்டுல ஒக்காந்த மாதிரி?"

"என் பேருக்காரங்கம்மா. உனக்குத் தெரியுமா, யாருன்னு?"

"எனக்கு இன்னா தெரியும்? நா பிரசவத்துக்கு சேத்தியாத்தோப்புல எங்கம்மா வூட்டுல கெடந்தன். வந்தாரு, புள்ளய தூக்குனாரு, வெபருன்னாரு. எவன்யா அவன்னு கேட்டன். ஒரு வெள்ளக்காரன்னாரு. போய்யான்னு அன்னிக்கே பாப்பான்னு கூப்புட ஆரம்பிச்சுட்டன்."

அப்பா நான்கு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்குக்கும் தலையாட்டினார், இல்லை என்று. பிறகு ஓர் அதிசயமான காரியம் செய்தார். மேஜையிலிருந்த கரண்டியை இடது கையில் எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கப் போனேன். சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடியும் நீட்டினார், வாங்கப் போனேன், இழுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ஷிப்டு?" என்றார்.

கைக்குழந்தையிடம் பொம்மையைக் காட்டி விளையாடுவது போல இருந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.  புத்தியும் போகிறதோ?

ஜூலை 5, புதன்

நஸ்ரினிடம் கரண்டி விஷயத்தைச் சொன்னேன். புத்தியெல்லாம் தெளிவாக இருக்கிறது, ஏதோ சொல்ல வருகிறார், விடாமல் பாருங்கள் என்றாள். அவளுக்கு அம்மா மேல்தான் கோபம். அப்பா கையைத் தூக்குவதற்குள் அம்மா தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிறாள். முகம் சுளிப்பதற்குள் தலையணையைச் சரிசெய்கிறாள்.

"அவரு கேக்கறதுக்கு ஒரு வேல வைங்கம்மா. எல்லாம் நீங்களே குடுத்துட்டா அவரு எதுக்குப் பேசணும்?"

"பேச முடியாத மனுசன தவிக்க வுடணுமா? நல்லாருக்குதே நாயம்" என்றாள் அம்மா. நஸ்ரின் போனதும் அவளுக்கு டீ போட்டது வேஸ்ட் என்றும் சொன்னாள்.

மாலை மைதானம் சேறு. ஓடிப் பழக முடியவில்லை. பிள்ளைகளுக்கு உட்கார்ந்து எழுகிற பயிற்சி மட்டும் கொடுத்தேன்.

ஜூலை 14, வெள்ளி

எழுத வேண்டிய நாள்.

நஸ்ரின் வழக்கம்போல ஆட்களைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைக் காட்டி, "இவங்க யாருங்கய்யா?" அப்பா வாயைக் கோணி, மூச்சை இழுத்து, "அஞ்... ச... ல" என்றார்.

அஞ்சலை. அம்மாவின் பெயர். கல்யாணம் ஆன நாளிலிருந்து "இந்தா", "ஏமே" தவிர அவர் அம்மாவை எதுவும் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்குள் ஓடினாள். பின்னாலேயே போனேன். அரிசி டப்பாவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, பேர சொல்லிக் கூப்புட்டுட்டாரு. வெளியாளு வேற இருக்குது" என்றாள். முகம் கல்யாணப் பெண் மாதிரி சிவந்திருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

சாயங்காலம் நானும் அப்பா எதிரே போய் உட்கார்ந்தேன். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "ஷிப்டு" என்றார்.

அம்மா பெயர் வந்தது ரொம்ப நல்ல விஷயம். எனக்கொன்றும் இல்லை. நாளை ஒன்பதாம் வகுப்புக்கு உயரம் தாண்டுதல்.

ஜூலை 23, ஞாயிறு

இசைமேதை வெபரை செல்போனில் போட்டேன். அப்பா தூங்கிவிட்டார். அம்மாவும் தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நானும்.

ஜூலை 30, ஞாயிறு

மோசமான நாள். படங்களை மறுபடியும் எடுத்தேன். மேக்ஸ் வெபர்தான் என்று என் மனசுக்குள் ஒரு சாய்வு. அவர் படத்தைக் கையில் கொடுத்து "வெ... வெ... சொல்லுப்பா, வெ..." என்று காலையிலிருந்து விரட்டினேன். அப்பா படத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். கிழித்த கை வலது கை. அதைக் கவனிக்கக்கூடத் தோன்றாமல் எனக்குக் கோபம் வந்தது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதிவிட்டேன், வீட்டுக்குள், அவர் முகத்துக்கு நேராக.

அப்பா விருட்டென்று எழுந்து நின்றார். சுரங்கத்தில் ஷிப்டு விசிலுக்கு எழுந்து நின்ற மாதிரி.

"நீயெல்லாம் ஒரு பொண்ணா? ஒன் இஸ்கோலு புள்ளைங்களா இங்க இருக்குது?" என்று அம்மா விசிலைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். லாரி ஏறி நசுங்கிவிட்டது. நல்லது என்று தோன்றியது. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தட்டினார். "ஷிப்டு, ஷிப்டு" என்றார், சரி விடு என்கிற மாதிரி.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

சவரிமுத்து மாமா வந்தார். அப்பாவோடு சுரங்கத்தில் ஒரே கேங்கில் இருந்தவர். மகனோடு கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டவர், ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த இடத்தில் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருக்கிறார். அப்பாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அப்பா அவர் முதுகைத் தட்டி ஷிப்டு என்றார். "ஆமாண்டா, எல்லா ஷிப்டும் முடிஞ்சுபோச்சு" என்று மாமா சிரித்தார்.

டீ கொடுத்தேன். மிச்சமிருந்த மூன்று படங்கள் டி.வி. மேல் கிடந்தன. இதெல்லாம் யார் என்று கேட்டார். சொன்னேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிற வரை சிரித்தார்.

"யம்மா, இவனுங்க யாரும் இல்ல. நம்ம வெபரு ஒரு ஃபிட்டரு! ரெண்டாவது சொரங்கத்துல மண்ணு வெட்டுற பக்கெட் வீல் மிசினு மாட்ட ஜெர்மனிலேருந்து ஆளுங்க வந்தானுங்க பாரு, அதுல ஒருத்தன். ஒங்கப்பன்தான் அவனுக்கு ஹெல்பரு."

அவர் சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன்.

"அவனுக்குத் தமிழும் வராது, இங்கிலீசும் அரகொற. எது வேணும்னாலும் வெரல சொடுக்குவான். டக்கு டக்குனு. ஒங்கப்பனுக்கு அது ஆவாது. நாயா நானுன்னு ரெண்டு நாளு பொறுத்தான். மூணாவது நாளு சொடுக்குனான். ஒங்கப்பன் சுத்திய எடுத்து நீட்டுனான். அவன் வாங்க வந்தான். பின்னால இழுத்துக்கிட்டான். 'பேர சொல்லு, அப்பறம் வாங்கிக்க'ன்னான். நாங்கல்லாம் செத்தம்னு நெனச்சம். வேலையே போயிரும். வெள்ளக்காரன் மூஞ்சி மெளகாப்பழம் ஆயிருச்சு. மறுபடி நீட்டுறான், மறுபடி இழுக்குறான். 'சுத்தி. சொல்லு, சுத்தி.' கடசில அவன் 'சுத்...தி'ன்னான். ஒங்கப்பன் சுத்திய அவன் கையில வச்சு, 'சபாஷ், வெபர்'னான். அவன் சிரிச்சுட்டாம்மா."

அதற்குப் பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டதாம். பெயர் சொன்னால்தான் சாமான். திருப்புளி, கயிறு, தண்ணி, கொடம். மற்ற ஜெர்மன்காரர்கள் விடுதியில் தங்களுக்குள் சீட்டாடிக்கொண்டிருக்க, இந்த ஆள் மந்தாரக்குப்பம் சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டானாம். ஊருக்குக் கிளம்பின அன்றைக்கு எல்லார் முன்னாலும் எழுந்து நின்று தமிழில் பேசினானாம், தப்பும் தவறுமாக, ஆனால் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல். அப்பா அன்று குலுங்கி அழுததை மாமா பார்த்திருக்கிறார்.

"ஒங்கம்மாவுக்கு அப்ப மாசம். 'புள்ள பொறந்தா இவன் பேருதாண்டா'ன்னான். பொண்ணா பொறந்தா என்னடா பண்ணுவன்னு கேட்டம். 'பொண்ணுன்னா பேசாதா?'ன்னான்."

"அவரோட முழுப் பேரு என்ன மாமா?"

"முழுப் பேரா? அதாம்மா முழுப் பேரு. வெபரு. வேற என்ன இருக்கும்?"

அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் மேஜையில் இருந்த கரண்டியை எடுத்தார். என்னிடம் நீட்டினார், இழுத்துக்கொண்டார். புருவத்தை உயர்த்தினார்.

ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டிருக்கிறார் மனுஷன். நான்தான் புத்தி போய்விட்டதென்று கலங்கினேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

புகழ்பெற்ற வெபர்கள் பக்கத்தை மறுபடியும் ஒரு முறை மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்தேன். ஃபிட்டர் யாரும் இல்லை. நம் ஆட்கள் அவர் குடும்பப் பெயரை அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்கவே யாருக்கும் தோன்றவில்லை. இனித் தேடவும் வழியில்லை. மூன்று படங்களையும் மடித்து நோட்டுக்குள் வைத்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை, நன்றாக இருக்கட்டும்.

ஒரு வார்த்தை தெரியாத இடத்தில் வந்து இறங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே வந்த ஆளின் பெயர் எனக்கு. இன்றைக்கு அந்த நிலைமையில் இருப்பவர் அப்பா. என்ன செய்ய வேண்டுமென்று அவரே காட்டிக்கொடுத்துவிட்டார்.

நாளை காலை டீயிலிருந்து தொடக்கம். அம்மாவிடம் சொன்னேன். "என் கையால அந்தப் பாவத்த செய்ய மாட்டன்" என்றாள். சரி, என் கையால் செய்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

டீயை நீட்டினேன். அப்பா கை வந்ததும் பின்னால் இழுத்தேன். அப்பா திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு முகம் முழுக்க மலர்ந்தது. "ஷிப்டு!" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். டீ ஆறியது. வேறு டீ போட்டேன். அதுவும் ஆறியது. மூன்றாவதை அம்மா என் கையிலிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை என்று அம்மா முடிவு செய்திருக்கிறாள். வீட்டில் இப்போது பேசாதவர்கள் இரண்டு பேர்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நஸ்ரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதத்தான்மா நானும் படிச்சுட்டு வந்து சொல்லிட்டிருக்கன்" என்றாள் அம்மாவைப் பார்த்து. ஆனால் எனக்கும் கட்டளை போட்டாள்: "ரெண்டு தடவ முயற்சி பண்ணட்டும். வரலன்னா நீங்களே பேர சொல்லிட்டுக் குடுத்துருங்க. அவர அழ விடக் கூடாது. இது வெளையாட்டு மாதிரி இருக்கணும்."

விளையாட்டு எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பள்ளியில் கொடியேற்றம், மிட்டாய், அணிவகுப்பு. வீட்டுக்கு வந்து அதே கசங்கின மிட்டாயை அப்பாவிடம் நீட்டி இழுத்தேன்.

"கு..." என்றார். காத்திருந்தேன். "குடு... டி."

குடுடி! மிட்டாயைக் கையில் வைத்தேன்.  அம்மா அடுப்படியிலிருந்து, "எனக்கு இன்னா சத்தமோ கேட்டுச்சே" என்று வந்து, ஒரு வாரமாகப் பேசாததையெல்லாம் மறந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19, சனி

டீ. "ட்டீ" என்றுதான் வருகிறது. போதும்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

போதும், வேணாம், வெந்நி, சோறு, குடு, வுடு. "சவரி" என்றும் ஒரு தடவை. போனைப் போட்டுக் கொடுத்தேன், அந்தப் பக்கம் மாமா ஓவென்று அழுதார். ஷிப்டு இன்னும் போகவில்லை, ஆனால் இடையிடையேதான் வருகிறது. அம்மா இப்போது என்னைவிடக் கறார். ரசத்தை நீட்டி, "இன்னாய்யா இது, சொல்லு" என்று நிற்கிறாள். அப்பா முறைக்கிறார். "அஞ்சல, குடு" என்கிறார். அதற்குத்தான் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். கோ-கோ பிள்ளைகள் காசு சேர்த்து எனக்குப் புது விசில் வாங்கிக் கொடுத்தார்கள், சிவப்புக் கயிறோடு. என் பழைய விசில் லாரிக்கு அடியில் போன கதை பள்ளி முழுக்கத் தெரிந்திருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். வலது கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார், காற்று மட்டும் வந்தது.

செப்டம்பர் 9, சனி

டாக்டரிடம் காட்டினோம். "பரவாயில்லை, இத்தனை வந்ததே பெரிது. ஆறு மாதம் ஆகப்போகிறது. இனி வேகம் குறைந்துவிடும்" என்றார். குறையட்டும், நிற்கப் போவதில்லை என்றேன். நஸ்ரினும் அப்படித்தான் சொல்கிறாள். தீபாவளிக்கு, பொங்கலுக்கு, எப்போது வந்தாலும் சரி.

பஸ்ஸில் வரும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குக் கேட்காத மாதிரி மெதுவாக என் பெயரை நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை. எனக்கொன்றும் இல்லை என்று இத்தனை நாள் எழுதியிருக்கிறேனே, அது பொய். எனக்கு அந்தப் பெயரை அவர் வாயால் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 14, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

இன்று நெய்வேலியில் குறுவட்ட அளவிலான கோ-கோ போட்டி. விடியற்காலையில் கிளம்பி, பை, தண்ணீர், முதலுதவிப் பெட்டி எல்லாம் எடுத்தாயிற்று. விசிலைக் காணோம். ஆணியில் மாட்டியதுதான். அம்மாவைத் திட்டிக்கொண்டே வீடு முழுக்கத் தேடினேன். அப்பா வாசல்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் சிவப்புக் கயிறு தொங்கியது.

"குடுப்பா, நேரமாவுது. பஸ்சு போயிரும்."

நீட்டினார். நான் கையை வைத்தேன். பின்னால் இழுத்துக்கொண்டார்.

"யப்பா, வெளையாடாத!"

மறுபடியும் நீட்டினார், மறுபடியும் இழுத்துக்கொண்டார். அவர் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையைக் கீழே வைத்தேன். நேராக நின்றேன்.

"விசில்" என்றேன்.

அப்பா விசிலை என் உள்ளங்கையில் வைத்தார்.  பிறகு வாயைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். அம்மா சொல்லை எடுத்துக் கொடுக்கப் போனாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் எத்தனை நேரம் எடுத்துக்கொண்டாலும் நிற்பதென்று நின்றேன்.

"சபாஷ்" என்றார். மூச்சு வாங்கினார். மேல்பல் கீழுதட்டைத் தொட்டது. "வெ... பர்."

கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிய அந்த உயிர்நண்பனைத்தான் சொன்னாரோ, என்னைத்தான் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், அதுதானே வழக்கம்.

"உள்ளேன் ஐயா" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. அவர் மடியில் தலையை வைத்து அழுதேன், நாற்பது வயதில், போட்டிக்குப் போகிற சீருடையில். "இன்னாடி பாப்பா இது, நல்ல நாளும் அதுவுமா" என்று அம்மாவும் அழுதாள்.

அந்த பஸ் போய்விட்டது. இது அடுத்த பஸ். பிள்ளைகள் மைதானத்தில் காத்திருப்பார்கள்.

நஸ்ரினுக்குச் சொல்ல வேண்டியது: இன்று புதுச் சொல் இரண்டு. அதில் ஒன்று நான்.